பஞ்சில் தைத்த கிராபிக்ஸ் கார்டு

அன்புள்ள அறுந்த வாலுக்கு,

மூவுலகும் போற்றும் உன் சித்தப்பா, லிஃப்ட் மெக்கானிக்குகளின் சக்கரவர்த்தி, இந்த ஊரில் படித்தவன் படிக்காதவன் எல்லாரையும் மேலே தூக்கிவிட்ட ஒரே மனிதன், உன்னை உச்சிமோந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் சித்தி சுகம், என் வலது முழங்கால் ஒன்றுதான் தனிக்குடித்தனம் போகிறேன் என்று அடம்பிடிக்கிறது, மற்ற உறுப்புகள் ஒற்றுமையாக இருக்கின்றன. அங்கே நீயும், எலும்புக்குள் புகுந்து வாடகை கேட்கும் அந்தக் குளிரும், ஜன்னலோரம் நீ வளர்ப்பதாகச் சொல்லும் அந்த மூன்று இலைச் செடியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ 'ம்' கொட்டுகிறாய். ஒரு ஊரையே அடக்கிய 'ம்' அது, சந்தோஷமா சலிப்பா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆராய்ச்சிக் கூடம் வேண்டும். கடிதத்தில் அந்த வம்பில்லை, நான் முடிக்கும்வரை நீ வாய் திறக்க முடியாது.

உன்னைப் பெற்ற என் அண்ணனும் அண்ணியும் போன வாரம் பேசினார்கள். அண்ணனுக்கு மறுபடியும் இடமாற்றமாம், மறுபடியும் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இப்படி ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில்தானே உன் படிப்பு கெடக்கூடாதென்று எங்களிடம் கொஞ்ச நாளைக்கு விட்டுவைத்தார்கள், நாங்கள் திருப்பித் தரவேயில்லை. அந்தக் களவுக்கு இன்றுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை. என் வேலை வழக்கம்போலத்தான். பெரிய ஆபீஸ் கட்டடத்து லிஃப்ட் நாலாவது மாடியில் நின்று யோசிக்கிறது. மேலே போவதா, கீழே போவதா, இந்த வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்றெல்லாம் யோசிக்கும் போலிருக்கிறது, நான் போய்க் கதவைத் தட்டி 'போதும் வா' என்றால்தான் நகர்கிறது. சித்திக்குத் திரைச்சீலை ஆர்டர் நிறைய. ஒரு பல் டாக்டர் தன் ஆஸ்பத்திரி முழுக்கத் திரை மாற்றுகிறாராம், வருகிறவர்கள் பயப்படாத நிறம் வேண்டும் என்கிறாராம், சித்தி ஒரு வாரமாகப் பயமில்லாத நிறத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு ஊரும் தெருவும் செய்து கொடுக்கும் உன் வேலையைப் பற்றி அன்றைக்கு நீ போனில் சொன்னதை ஸ்பீக்கரில் சித்தியும் கேட்டாள், உனக்குத் தெரியாது. "நான் செய்யறதெல்லாம் பின்னாடி நிக்கிற சுவரும் சந்தும்தான் சித்தப்பா. விளையாடறவன் தலைதெறிக்க ஓடறான், எவன் நின்னு பாக்கறான்? மாசக் கடைசில வேலைய எழுதிக் குடுத்துட்டு வேற எதையாவது பாத்துக்கலாம்னு இருக்கேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ கோமாளித்தனமாகச் சொல்லியிருப்பேன். சித்தி தையல் மிஷினில் போய் உட்கார்ந்து பல் டாக்டரின் துணியில் ஒரு நீள ஓரத்தை விறுவிறு என்று அடித்து முடித்தாள். முடித்துத் தூக்கிப் பார்த்தால் வெறும் ஊசி ஓட்டைகள். ஊசியில் நூலே கோக்கவில்லை. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "நாம நின்னு பாக்கறோமே" என்றாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "ஆனா பாதிதான் தெரியுது" என்றாள்.

அதென்ன நின்று பார்ப்பது என்று உனக்குச் சொல்ல வேண்டும், இதை இதுவரை நாங்கள் வெளியில் சொன்னதில்லை. நீ கல்லூரிக் காலத்தில் கட்டிக்கொண்டு அழுத அந்தப் பழைய கம்ப்யூட்டர் தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது, வெள்ளையாக இருந்த பெட்டி இப்போது பழுத்த மாம்பழம் மாதிரி ஆகிவிட்டது, பக்கக் கதவை சித்தியின் எலாஸ்டிக் பட்டைதான் பிடித்து வைத்திருக்கிறது. நீ அனுப்பிய விளையாட்டை அதில் ஏற்றினோம். 'உங்கள் கிராபிக்ஸ் கார்டு போதாது' என்று அது எச்சரித்தது, படம் காட்டுகிற அந்தப் பலகைக்கு வயசாகிவிட்டதாம், எங்களை இதைவிடப் பெரிய ஆட்களெல்லாம் எச்சரித்திருக்கிறார்கள் என்று அழுத்திவிட்டோம். விளையாட்டில் ஒரு திருடனைத் துரத்திப் பிடிக்க வேண்டுமாம். சித்தி முதல் நாளே "ஓடிப் போவட்டும் பாவம்" என்று அவனை விட்டுவிட்டாள். அதிலிருந்து வேலை முடிந்து வந்ததும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உன் ஊருக்குள் நடக்கப் போவதுதான் எங்கள் பழக்கம். கம்ப்யூட்டர் நடக்கும் வேகத்துக்கு ஒரு நத்தை எங்களை முந்திக்கொண்டு போய்க் கல்யாணம் முடித்துப் பேரன் பேத்தி எடுத்துத் திரும்பி வந்துவிடும். ஒரு அடி வைத்தால் படம் நின்று மூச்சு வாங்கும். மழை கீழே விழாது. துளிகள் அந்தரத்தில் கோத்த மணி மாதிரி தொங்கும், அவற்றுக்கு நடுவே நாங்கள் தலையைக் குனிந்து போவோம். அந்த வேகத்தில் போனால் எதையும் பார்க்காமல் போக முடியாது, தெரியுமா. உன் ரொட்டிக்கடை வாசலில் ஒரு படி மட்டும் தேய்ந்திருப்பதை, தெருமுனைக் குழாய் சற்றே இடதுபுறம் சாய்ந்திருப்பதை, ஒரு சுவரில் யாரோ சைக்கிளைச் சாய்த்துச் சாய்த்துத் தடம் விழுந்திருப்பதை எல்லாம் சித்தி எனக்குக் காட்டினாள். ஓடுகிறவன் பார்க்கமாட்டான் என்கிறாயே, ஓட முடியாதவர்கள் இரண்டு பேர் இங்கே அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் சித்தி சொன்னதும் நிஜம். ஜன்னல்களெல்லாம் சாம்பல் நிறச் சதுரங்கள், குட்டைகளெல்லாம் பிசைந்த மாவு, நிழல் என்பதே கிடையாது. நீ செய்ததில் பாதியை, கம்ப்யூட்டரோடு ஒட்டிப் பிறந்த அந்தக் கிழட்டுக் கார்டு எங்களிடம் காட்டாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. சித்தி அன்றைக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டாள். "அவ எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி நான் முழுசா பாக்கணும்ங்க. பாத்தாத்தானே பாத்தேன்னு சொல்ல முடியும்."

மறுநாளே கம்ப்யூட்டர் கடைக்குப் படையெடுத்தேன். கடைக்காரர் மெல்லிய மனிதர், பேச்சும் மெல்லியது, எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். கண்ணாடி அலமாரியில் மூன்று விசிறியோடு ஒரு கார்டு இருந்தது பார், அதைக் கார்டு என்று சொல்வது யானையை வீட்டுப் பிராணி என்று சொல்வது மாதிரி. வானவில் நிறத்தில் விளக்கு எரிகிறது, ஒவ்வொரு விசிறியும் சுற்றினால் எங்கள் வீடே கூரையோடு கிளம்பி உன் அறை வாசலில் வந்து இறங்கும். நான் காதலில் விழுந்தேன். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெட்டிக்குள் இவ்வளவு நீளம் இடமிருக்கிறதா, பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குத் தனி வயர் வருகிறதா, பழைய ப்ராசஸர் இதன் பசிக்கு ஈடுகொடுக்குமா என்று வரிசையாகக் கேட்டார். பக்கத்திலேயே உள்ளங்கை அகலத்தில் ஒரு விசிறி வைத்த சின்னக் கார்டு ஒன்றைக் காட்டி, இது தன்னைச் சொருகுகிற ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், தனி வயர் கேட்காது, உங்கள் மிஷினுக்கு இதுவே மேல் என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. உன் ஊரைப் பார்க்க ஒரு விசிறியா? நீளத்தை மட்டும் அளந்துகொண்டு வருகிறேன், மற்றதை விடுங்கள் என்று வீராப்பாகக் கிளம்பினேன்.

வீட்டில் டேப்பை எடுத்துப் பெட்டியின் வெளிப்பக்கத்தை அளந்தேன். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஜன்னலுக்குத் திரை தைக்கச் சுவரையா அளப்பாங்க, உள்ளே அளக்கணும் என்றாள். உள்ளேயோ வயர்கள் கொடி கொடியாய்ப் பின்னிக் கிடக்க, டேப் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறதென்று இருவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் சித்தியின் தொழில் மூளை வேலை செய்தது. நாற்காலிக்கு மெத்தை தைக்கும் முன் மாதிரி ஒன்று தைத்து வைத்துப் பார்ப்பாளே, அந்த மாதிரி கார்டுக்கும் ஒரு மாதிரி தைத்துவிடலாம் என்றாள். கடைக்காரர் எழுதிக் கொடுத்த நீளம் அகலம் உயரத்துக்குத் துணி வெட்டிப் பஞ்சடைத்து, மூன்று விசிறிக்கு மூன்று பொத்தான் வைத்து, உலகத்தின் முதல் பஞ்சுக் கார்டைச் செய்து முடித்தாள். துணி எது தெரியுமா? உன் ஜன்னல் திரையின் கடைசித் துண்டு. நீ இந்த வீட்டுக்கு வந்த நாள் அவசர அவசரமாக சித்தி வெட்டித் தைத்துத் தலைகீழாய்ப் போன அந்த நீலப் பூத் திரை. ஊருக்கெல்லாம் நூல் பிசகாமல் தைக்கிறவள் வீட்டிலேயே பூவெல்லாம் தலைகுப்புறத் தொங்கியது. நான் அதைப் பூமழை என்று அறிவித்தேன். பிரித்துத் தைக்க அவள் கத்திரியோடு ஏறியபோது நீ, பூ விழுந்துட்டே இருக்கு, கழட்டாதே என்று அழுது கட்டிலை நனைத்தாய். கழட்டவேயில்லை. நீ போன பிறகு அதுவாகவே நைந்து, துடைக்கிற துணியாகி, ஒரு துண்டுதான் தையல் பெட்டியில் மிஞ்சியிருந்தது.

பஞ்சுக் கார்டைப் பெட்டிக்குள் வைத்து அழுத்தினேன். போய்விட்டது. சித்தி மட்டும் "கொஞ்சம் திமிருதுங்க" என்றாள். திமிராத அரசன் உண்டா என்று கேட்டுவிட்டு ஓடிப்போய் அந்த யானையை வாங்கி வந்தேன். கதவைத் திறந்து உள்ளே செலுத்தினால், ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறது. தள்ளினேன், சாய்த்தேன், கெஞ்சினேன், மரியாதையாகப் பேசினேன். அப்புறம்தான் இருவரும் ஒரே நேரத்தில் பஞ்சுக் கார்டைப் பார்த்தோம். பஞ்சு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, இரும்புக்கு அந்தப் பண்பு கிடையாது. சித்தி சிரித்த சிரிப்பில் மிஷின் பலகையிலிருந்து கத்திரி கீழே விழுந்தது. நீ போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்த ஒரு சிரிப்புக்காக இன்னும் நாலு யானைகளை நான் அந்தப் பெட்டிக்குள் தள்ளத் தயார்.

கடைக்காரரிடம் பஞ்சுக் கார்டையும் கையோடு கொண்டுபோய்த்தான் நடந்ததைச் சொன்னேன், இல்லாவிட்டால் நம்பமாட்டார். அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்து, "தையல் நல்லாருக்கு சார், ஆனா டிரைவர் கிடைக்காது" என்றார், கார்டை ஓட வைக்கிற சாஃப்ட்வேருக்கு அதுதான் பெயராம். யானையைத் திருப்பி எடுத்துக்கொண்டு அந்த ஒற்றை விசிறிக் குட்டியைக் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் இது எனக்குத் தெரிந்த கணக்குதான் வாலு. சின்ன மோட்டார் மேலே பெரிய கூண்டை மாட்டினால் லிஃப்ட் ஏறாது, எல்லாரையும் நடுவில் நிறுத்தி யோசிக்க வைக்கும். கட்டடங்களில் தெரிந்தது எனக்கு என் வீட்டு மேஜையில் தெரியாமல் போய்விட்டது, வானவில் விளக்கு கண்ணை மறைத்துவிட்டது.

மாட்டும் முன் உடம்பிலிருக்கும் மின்சாரம் போக இரும்பைத் தொட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, கரண்டி, சித்தியின் கத்திரி எல்லாவற்றையும் தொட்டு இந்த உலகத்திலேயே சுத்தமான மனிதனாகி உட்கார்ந்தேன். குட்டிக் கார்டு ஸ்லாட்டில் 'டக்' என்று உட்கார்ந்தது, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பதுபோல. பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றுகிறது, மானிட்டர் மட்டும் இருட்டு. நான் சோகத்தில் ஒரு சாம்ராஜ்யம் இழந்தவன்போல உட்கார்ந்துவிட்டேன். சித்திதான் பின்பக்கம் எட்டிப்பார்த்து, மானிட்டர் வயர் இன்னும் பழைய ஓட்டையிலேயே இருக்குதுங்க, புதுசுக்கு ஏன் மாத்தலை என்றாள். மாற்றினேன். வெளிச்சம் வந்தது.

மழை விழுந்தது வாலு. அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இத்தனை மாதம் அந்தரத்தில் தொங்கிய துளிகளெல்லாம் ஒரே மூச்சில் கீழே இறங்கின, யாரோ கையை எடுத்துவிட்ட மாதிரி. மாவுக் குட்டைகள் தண்ணீராகி அதற்குள் தெருவிளக்குகள் தலைகீழாக எரிந்தன. ரொட்டிக்கடைப் படியில் ஈரம் மினுங்கியது. நாங்கள் ஓடலாம், இப்போது கார்டு விடும், ஆனாலும் பழைய நடையே நடந்தோம். கால் பழகிவிட்டது. எல்லாமே பார்த்த இடம், எல்லாமே முதல் தடவை. தூங்கி எழுந்து பார்த்தால் கனவு மட்டும் எழுந்திருக்காமல் அங்கேயே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. சைக்கிள் தடம் விழுந்த சுவரைத் தாண்டி, எந்தத் திருடனும் போகாத, எந்தத் துரத்தலுக்கும் தேவைப்படாத ஒரு முட்டுச் சந்து இருக்கிறதே, அதற்குள் சித்திதான் திரும்பினாள். பழைய கார்டில் அங்கே ஒரு சாம்பல் சதுரம் மட்டும்தான் இருந்தது. இப்போது அது ஜன்னல். உள்ளே விளக்கு. ஜன்னலில் திரை. திரையில் நீலப் பூக்கள், அத்தனையும் தலைகீழாக, விழுந்துகொண்டே.

சித்தி எழுந்து மானிட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இடதுபக்க ஓரம் வலதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கிறது, அதுகூட அப்படியே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினாள். திரைக்குப் பின்னால் ஒரு நிழல், மெல்லச் சுற்றுகிற ஒரு சக்கரத்தின் நிழல். அது தையல் மிஷின் சக்கரம் என்று எனக்கே தெரிந்தது. சித்தி பஞ்சுக் கார்டை எடுத்து வந்து அந்தத் துணியை மானிட்டரில் தெரிந்த ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள், "நம்ம துணி வெளுத்துப் போச்சுங்க. அவகிட்ட இன்னும் புதுசாவே இருக்கு."

இதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் என் வாயாடித்தனம். ஒருவரும் வராத சந்தில், யாருக்கும் சொல்லாமல், எங்களுக்கும் சொல்லாமல் அதை ஏன் தொங்கவிட்டாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் எவன் நின்று பார்க்கிறான் என்று நீ கேட்டாயல்லவா, அதற்குப் பதில் மாசக் கடைசிக்குள் உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நின்று பார்த்தோம். அவ்வளவுதான். வேலையில் இருப்பதும் விடுவதும் உன் இஷ்டம், உன் மனசு எது சொல்கிறதோ அதைச் செய். விட்டுவிட்டு வந்தால் உன் கட்டில் உன் அறையில் அப்படியேதான் இருக்கிறது, சோறு போட நாங்கள் இருக்கிறோம். ஆனால் யாரும் பார்க்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் விடாதே, அந்தக் காரணம் இப்போது செல்லாது. அது தப்பு, பூவை நிமிர்த்து என்று உன் ஆபீசில் எவனாவது சொன்னால், அது பூமழை, சட்டப்படி அறிவிக்கப்பட்டது என்று என் பெயரைச் சொல். எனக்கென்று ஒரு மனக்குறை இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். சித்திக்கு ஒரு ஜன்னலே கொடுத்திருக்கிறாய், எனக்காக உன் ஊர் முழுக்கத் தேடினேன், ஒரு லிஃப்ட் கூட இல்லை, எங்கே பார்த்தாலும் படிக்கட்டு. உன்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் சரித்திரத்தில் கிடையாது. என் முழங்காலும் வருத்தம் தெரிவிக்கச் சொன்னது.

குளிரில் காதை மூடிக்கொள். ராத்திரி சாப்பாட்டை பிஸ்கட்டோடு முடித்துக்கொள்ளாதே, சித்திக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. செடிக்கு நாலாவது இலை வந்தால் தந்தி போல உடனே சொல்லு. இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொதியும் வரும், அதில் பஞ்சுக் கார்டு இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தாது, உன் ஆபீஸ் நாற்காலியில் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் சரியாகப் பொருந்தும், சித்தி அளந்துதான் அனுப்புகிறாள், உள்ளே அளந்து. நீ எங்கே இருந்தாலும் நீ வைக்கிற விளக்கு அணையாமல் எரியட்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும், எங்கள் ஆயுசில் பாதியை நீ எடுத்துக்கொள், சித்தியின் பாதியை முதலில் எடு, என்னுடையது கொஞ்சம் பழுது.

நினைவில் வை, கடைசியாக ஒன்று. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது சித்தி அந்தச் சந்தில்தான் நிற்கிறாள். தினமும் வேலை முடிந்ததும் போய் நின்றுவிடுகிறாள், திருடன் எங்கோ காத்துக் காத்து அலுத்திருப்பான். மழை பெய்துகொண்டேயிருக்கிறது, ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறது, அவளால் நகர முடியவில்லை. எத்தனை நேரம்தான் நிற்பாள் சொல். வேலையை விடுவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் அந்த ஜன்னலுக்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டுவிட்டு விடு. இரண்டு பேர் உட்காருகிற மாதிரி.

என்றும் உன்னைத் தூக்கிச் சுமக்கும்,
லிஃப்ட் இல்லாத ஊரின் ஏழைக் குடிமகன்,
உன் சித்தப்பா

(பக்கத்தில் இருந்து எட்டிப்பார்த்து சித்தி சேர்க்கச் சொன்னது: மூன்று பேர் உட்காருகிற மாதிரி.)